ஜோடு கோழிகளுடன் ஒரு குளிர்காலம்

என் மனைவி மலையை விட்டு இறங்கிய காலையில் எங்களிடம் ஒன்பது கோழிகள் இருந்தன. சேவல் ஒன்று, பெட்டை எட்டு. நான் இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்தேன். அவள் எண்ணவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி, காலை மட்டும் விரித்துப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள்.

அவள் அங்கே துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் அதே ஊர்ப் பள்ளியில் ஆசிரியர். முப்பத்தொரு வீடுகள் கொண்ட ஊர். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலரை மைல் நடக்க வேண்டும். எழுபதுகளின் கடைசி அது; எனக்கு முப்பத்தாறு வயது. எங்கள் பெண்கள் இருவரும் ஆலங்காயத்தில் என் மாமியார் வீட்டில் தங்கிப் படித்தார்கள். ஆகவே குடியிருப்பில் நாங்கள் இரண்டு பேர், அப்புறம் அந்த ஒன்பது.

அவை இந்தப் பக்கத்துக் கோழிகள் அல்ல. ஊர்க்கோழியில் பாதிகூட இராது. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். தொடையில் தொடங்கும் இறகு கணுக்காலைத் தாண்டி விரல் நுனிவரை இறங்கி, இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்திருக்கும். நடக்கும்போது கால் தெரியாது. செருப்பு போட்டது போல இருப்பதால் ஊரில் ஜோடு கோழி என்றார்கள். மழைக்காலத்தில் சேற்றில் செருப்பு வழுக்கும் என்று நான் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போவேன். எங்கள் குடியிருப்புக்கு மேலே சரிவில் இருந்த வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "கோழிக்கு ஜோடு கீது, வாத்தியாருக்குத்தான் இல்ல" என்று கிணற்றடியில் சொல்லிச் சிரித்தாளாம். சாமையும் கேழ்வரகும் விதைக்கும் குடும்பம் அவர்களுடையது. அந்த அம்மாவை இனி மேட்டு வீட்டுக்காரம்மா என்றே எழுதுகிறேன்.

கோழிகள் எங்களிடம் வந்த கதை சிறியது. திருமணத்துக்கு முன்பு என் மனைவி அடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா இருந்தார். அவர் தன் ஊரிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து பொரிக்க வைத்த இனம் இது. பல வருடம் கழித்து அவர் ஊருக்கே திரும்பிப் போனபோது, நாங்கள் அப்போதே மலைக்கு வந்துவிட்டிருந்தோம், சேவல் ஒன்றும் பெட்டை இரண்டும் கூடையில் போட்டு ஆள் மூலம் அனுப்பினார். அந்த மூன்றை நாலு வருடத்தில் ஒன்பதாக்கியவள் என் மனைவி. கீரிக்கும் கழுகுக்கும் பறிகொடுத்தது போக ஒன்பது. திருப்பத்தூர் சந்தையிலோ போளூர் சந்தையிலோ இப்படி ஒரு காலை யாரும் பார்த்ததில்லை. எங்களிடம் அற்றுப்போனால் அற்றதுதான். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவள் அந்த டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதுவாள். உதிர்ந்த கால் இறகு ஒன்றை உள்ளே வைத்து ஒட்டுவாள். எத்தனை உருப்படி இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதுவாள். அவள் எண்ணிக்கை சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வரியில்தான்.

ஐப்பசி நடுவில் அவளுக்கு மூன்று மாதப் பயிற்சி வந்தது, திருப்பத்தூரில். இடையில் விடுப்பு கிடையாது, கிறிஸ்மஸுக்கும் வார்டு டூட்டி என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். அவளுக்குப் போகப் பிடித்திருந்தது, கோழிகளை என்னிடம் விட்டுப் போகத்தான் பிடிக்கவில்லை. வேறு வழி இல்லை.

மூன்று நாள் அதே பாடத்தைச் சொன்னாள். கோழி அறைத் தரையில் சாமை உமி நாலு விரல் உயரம் போட வேண்டும், வாரம் இரண்டு தடவை மாற்ற வேண்டும். பனி காய்வதற்கு முன் வெளியே விடக் கூடாது. காலில் சேறு ஒட்டினால் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். அதை இழுக்கக் கூடாது, வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, துணியால் ஒற்றி, அடுப்பருகே உலர்த்த வேண்டும். இழுத்து இறகு பிடுங்கினால் ரத்தம் வரும், ரத்தத்தைப் பார்த்தால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும். அடைக்கு உட்காரும் பெட்டைக்கு மட்டும் கால் இறகைக் கத்தரிக்கோலால் அரை விரலளவு விட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து போகும்போது முட்டையைக் காலோடு வாரி வெளியே தள்ளிவிடும். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினேழு குறிப்பு வந்தது. புறப்படும்போது அதையெல்லாம் ஒன்றாகச் சுருக்கிச் சொன்னாள்:

"குளிருக்கு பயப்படாதீங்க. குளிர்ல பொறந்த சாதி அது. கால் மட்டும் காஞ்சிருக்கணும். கால் காஞ்சிருந்தா போதும்."

பதினேழு குறிப்பும் என் நோட்டில் இருந்தன. இந்த ஒன்றை எழுதவில்லை.

முதல் மூன்று வாரம் நான் குறை வைக்கவில்லை. மழை பதினான்கு நாள் பெய்தது. ஒன்பது கோழிக்குப் பதினெட்டுக் கால். ஒரு சட்டி வெந்நீர் நாலு கால்களுக்குத்தான் சூடு தாங்கும். கழுவி, ஒற்றி, உலர்த்தி முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம். சேவல் மட்டும் மடியில் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டிக் காட்டும். முடிதிருத்தக் கடையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் மாதிரி. எட்டு பத்து நாளைக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வரும். பிள்ளைகளைப் பற்றி நாலு வரி, ஆஸ்பத்திரியைப் பற்றி இரண்டு வரி, கடைசியில் 'கால் காஞ்சிருக்கா?' அவ்வளவுதான். 'காஞ்சிருக்கு' என்று பதில் எழுதினேன். அப்போது அது உண்மை.

பிறகு மழை நின்று குளிர் வந்தது. ஜவ்வாது மலையில் கார்த்திகை கடைசியில் பனி ஓட்டின்மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும். காலை ஒன்பது மணிவரை எதிரில் வரும் ஆள் தெரியாது. பள்ளிக்கு வந்திருந்த அறிவியல் பெட்டியில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. நான் அதை எடுத்துவந்து கோழி அறையில் தொங்கவிட்டேன். அதுதான் ஆரம்பம். அதுவரை எனக்கும் குளிர்ந்தது, எல்லாருக்கும் குளிர்ந்தது. இப்போது அது ஒரு எண்ணாகிவிட்டது. பதினான்கு என்று காட்டிய காலையில் போர்த்திக்கொண்டேன். பதினொன்று என்று காட்டியபோது சோறு இறங்கவில்லை. ஒன்பது என்று காட்டிய அன்று பள்ளியிலிருந்து வரும் வழியில் தெரிந்தவர் வீட்டில் ஆறு யூரியா சாக்கு வாங்கி வந்தேன்.

அறைக்கு ஜன்னல் இரண்டு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் சந்து சுற்றிலும் ஓடியது. எல்லாவற்றையும் சாக்கால் அடைத்தேன். கதவிடுக்கில் பழந்துணி திணித்தேன். ஒரு சட்டியில் கங்கு போட்டு மூலையில் வைத்தேன். காலையில் தெர்மாமீட்டர் பதினாறு காட்டியது. அதைப் பார்த்து நான் அடைந்த நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. சாக்கின் உள்பக்கம் நீர் முத்து முத்தாய்க் கோத்துச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. உமி சொதசொதவென்று ஊறி நாற்றம் கண்ணைக் கரித்தது. அதை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. கதவைத் திறந்து வைத்தால் குளிர் புகுந்துவிடும் என்று மாற்றவில்லை. வெளியே விடவும் இல்லை.

ஐந்தாம் நாள் ஒரு பெட்டை கண் வீங்கி உட்கார்ந்திருந்தது. ஏழாம் நாள் செத்தது. அடுத்த நாலு நாளில் இன்னும் இரண்டு. எல்லாம் ஒரே மாதிரி: முதலில் மூக்கில் நீர், பிறகு மூச்சில் ஒரு கீச்சு, பிறகு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். காலைத் தூக்கிப் பார்த்தால் இறகுக்கு நடுவே உமியும் எச்சமும் ஊறி, விரல் வெள்ளையாய் வெந்துபோயிருந்தது. குளிர் கொல்கிறது என்று நினைத்தேன். கங்கு சட்டியை இரண்டாக்கினேன்.

மூன்றாவதைக் கொய்யா மரத்தடியில் புதைக்கும்போது மேட்டு வீட்டுக்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் விறகோடு நின்றாள். என் குழியைப் பார்த்தாள், அடைத்த ஜன்னலைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, உள்ளாற கீற கோழிக்கு மூச்சு வுட காத்து எங்க கீது?"

குளிர் உள்ளே போகிறது என்றேன்.

"எங்கூட்டு கோழிங்க பலா மரத்து மேலதான் குந்திக்கினு கீது, பனியில. ஒண்ணு செத்துச்சா?"

உங்கள் கோழி வேறு, இது வேறு என்றேன். கோழி கோழிதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். படித்தவன் என்கிற மரியாதைக்கு மேற்கொண்டு பேசவில்லை என்று நினைக்கிறேன். பேசியிருக்கலாம்.

நாலாவதாகச் செத்தது சேவல். அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் கால்நடை மருந்தகத்துக்கு நடந்தேன். அங்கே இருந்த கம்பவுண்டர் மாட்டுக்குப் போடும் பெரிய ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தார். செத்த சேவலை எதற்குத் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டார். மூக்கைப் பிதுக்கிப் பார்த்து, ஈரமும் காற்றில்லாததும்தான் காரணம், சாக்கு எதையாவது கட்டியிருந்தால் கழற்றுங்கள் என்றார். மேட்டு வீட்டுக்காரம்மா சொன்னது அதே. என் மனைவி பஸ் ஏறும் முன் சொன்னதும் அதே. மூன்று பேர் சொல்லி, நாலு உயிர் போன பிறகு கழற்றினேன்.

கம்பவுண்டர் இன்னொன்றும் சொன்னார். சேவல் செத்தாலும் பெட்டைக்குள் அதன் வித்து பத்து நாள்வரை உயிரோடு இருக்கும். அந்தப் பத்து நாளில் இடும் முட்டை பொரிக்கும். நாலரை மைலும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பத்து நாளுக்குள் வருகிற முட்டைகளில் ஒரு சேவலாவது பொரித்தால் இனம் தங்கும். வரவில்லை என்றால் இருக்கிற பெட்டைகள் சாகும்வரைதான்.

மீதி ஐந்து பெட்டைகளை என் படுக்கை அறைக்கே கொண்டுவந்தேன். ஊர்ச் சேவல் கிட்டே வராதபடி கதவைச் சாத்தி, ஜன்னலை மட்டும் திறந்து வைத்தேன். காய்ந்த உமி போட்டேன். தாமதமாகிவிட்டது. பத்து நாளில் இன்னும் மூன்று செத்தன. மீந்த இரண்டும், சாகப்போகிறவையுமாகச் சேர்ந்து இட்டது பதினொரு முட்டை. ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காயை விடக் கொஞ்சம்தான் பெரிது. ஒன்று முதல் பதினொன்றுவரை பென்சிலால் எண் போட்டேன்.

இதற்குள் அவளிடமிருந்து ஏழு கடிதம் வந்துவிட்டது. ஏழிலும் கால் காஞ்சிருக்கா. ஒரு கடிதத்திலாவது எத்தனை இருக்கிறது என்று கேட்டிருந்தால் பொய் எழுத என் கை வந்திருக்காது என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அவள் கேட்கவில்லை. எண்ணிக்கையை நான் பார்த்துக்கொள்வேன் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்காது. ஏழுக்கும் காஞ்சிருக்கு என்று எழுதினேன். கிறிஸ்மஸ் அன்று பூசைக்குக்கூட இறங்கவில்லை. முட்டைகளை விட்டுப் போக முடியாது என்பது பாதிக் காரணம். ஆலங்காயத்தில் பிள்ளைகள் கோழியைப் பற்றிக் கேட்பார்கள் என்பது மீதி.

இருந்த இரண்டு பெட்டைகளுக்கும் மூச்சில் கீச்சு போகவில்லை. அடைக்கு உட்காரும் நிலையில் இல்லை. மேட்டு வீட்டில் அடைக்கோழி இருந்தது. போய்க் கேட்டேன். அந்த ஊரில் அடைக்கு வைக்கும் முட்டையை எண்ண மாட்டார்கள். ஒரு கை, இரண்டு கை என்று அள்ளி வைப்பார்கள். குஞ்சு பொரித்தாலும் எத்தனை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆட்டுப்பட்டியிலும் அப்படித்தான், எது வரவில்லை என்று முகம் பார்த்துச் சொல்வார்களே தவிர எத்தனை குறைகிறது என்று சொல்ல மாட்டார்கள். நான் அவர்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன். அந்த அம்மா கோழியை ஒரு கூடையோடு கொடுத்துவிட்டு, ஒரு நிபந்தனை போட்டாள்.

"வெச்சா வெச்சதுதான் வாத்தியாரே. கைய வுட்டு எண்ணக் கூடாது. பசிச்சா அதுவே எறங்கும், தின்னுட்டு அதுவே ஏறும். நீங்க அந்தப் பக்கமே பாக்காதீங்க."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலமே எண்ணினேன்.

என் பயத்தை எப்படிச் சொல்வது? ஒன்பது என் கண்ணெதிரே எட்டாகி, ஏழாகி, இரண்டானது. ஒவ்வொரு காலையும் கதவைத் திறக்கும்போது முந்தின நாள் எண்ணிக்கை அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திறந்தவன் நான். கோழி மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அடியில் பதினொன்று இருக்கிறதா, பத்தா என்று தெரிவதில்லை. தெரியாமல் என்னால் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இடது கையால் கோழியின் நெஞ்சைத் தூக்கி, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, எண் பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக ஒரு குச்சிக் கோடு போட்டு, வைத்துவிடுவேன். கொத்தும், புறங்கையில் தோல் போயிருந்தது. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவதைப் போட்டுக் கட்டாக்குவேன். எல்லா நாளும் பதினொன்று இருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு நெஞ்சு அடங்கும்.

பதினேழாம் நாள் காலை கோழி கூடையில் இல்லை. அலமாரி மேல் நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பறந்து, சரிவேறி, தன் வீட்டுக்குப் போய்விட்டது. கூடைக்குள் கை வைத்தேன். முட்டைகள் வெளியே கிடக்கும் கூழாங்கல் மாதிரி சில்லிட்டிருந்தன. எப்போது இறங்கியதோ தெரியாது. பதினொன்று இருந்தது. அன்றும் கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் என்ன சொல்வேன். கை போட்டது.

பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் மங்கி குல்லாவைக் கழற்றி அதற்குள் முட்டைகளைப் போட்டு, பனியனுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தேன். என் வயிறும் குளிர்ந்துதான் இருந்தது. இப்படியே இன்னும் நாலு நாள் உட்கார முடியுமா என்று யோசித்தேன். பள்ளியில் மணி அடிக்க ஆள் இல்லாமல் பிள்ளைகளே அடித்துக்கொண்டார்கள். அது காதில் விழுந்தது. எழுந்து, குல்லாவை அப்படியே பிடித்தபடி மேட்டு வீட்டுக்கு ஏறினேன்.

அந்த அம்மா வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்று. இன்னொன்று.

"இன்னா வாத்தியாரே, முட்டைக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுத்தீங்களா?"

கேட்டாளே தவிர அவள் சிரிக்கவில்லை. குல்லாவை வாங்கி, முட்டைகளை மடியில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே இன்னொரு அடைக்கோழி இருந்திருக்க வேண்டும். அதன் குரல் கேட்டது. குல்லாவை மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். உயிர் இருக்குமா என்று கேட்டேன். வீட்டுக்குப் போங்க என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. இருபத்தொன்றாம் நாள் வந்தது, போனது. இருபத்திரண்டு. இருபத்துமூன்று. பள்ளிக்கூடத் திண்டிலிருந்து பார்த்தால் அந்த வீட்டுக் கூரையில் புகை தெரியும். கோழிக்குஞ்சுச் சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இருபத்தைந்தாம் நாள் அந்த அம்மா வேலியோரம் போனாள். மறித்துக் கேட்டேன். நின்று, தலைச்சுமையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா வரட்டும், அவங்க கையில குடுக்கறேன்" என்றாள். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தை பதினேழு வாக்கில் என் மனைவி வந்தாள். பகல் பஸ். தொண்ணூற்றொரு நாள் ஆகியிருந்தது. பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அந்த நாலரை மைலில் எங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, முதல் ஓடையில் சொல்லலாம், அடுத்த புளியமரத்தில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவள் பயிற்சியில் உடனிருந்தவர்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். வழியில் நின்று செருப்பில் ஏறிய முள்ளை எடுத்தாள். குடியிருப்பு வாசலில் பெட்டியை இறக்கிவைத்த பிறகுதான் வாய் வந்தது. குளிர் அதிகம், இரண்டுதான் மிச்சம், சேவல் போய்விட்டது என்றேன்.

அவள் உள்ளே போய் இரண்டையும் தூக்கி, காலை விரித்துப் பார்த்தாள். அப்போது கால் காய்ந்திருந்தது. கோழி அறை ஜன்னலில் நான் சாக்கு அடித்த ஆணி இன்னும் இருந்தது, அதை விரலால் தொட்டாள். மேட்டு வீட்டில் கொஞ்சம் முட்டை கொடுத்திருக்கிறேன், அந்த அம்மா உன்னிடம்தான் தருவேன் என்கிறாள் என்றேன். சேலையைக்கூட மாற்றாமல் சரிவில் ஏறிப் போனாள்.

வர முக்கால் மணி ஆயிற்று. கையில் ஒரு முறம். முறத்தில் பத்து முட்டை. தோளில், முந்தானை மடிப்பில், ஒரு குஞ்சு. அரிசிப் புட்டு நிறத்தில், எலுமிச்சை அளவு, கால் இரண்டிலும் பொடிப்பொடியாய் இறகு. அதைப் பார்த்ததும் என் கண் நிறைந்துவிட்டது. அவள் முறத்தை மேசைமேல் வைத்து, ஒரு முட்டையை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, நகத்தை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து வைத்து, உதட்டுக்குள் எண்ணினாள். நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணும்போது மட்டும்தான் அவள் முகம் அப்படி இருக்கும். ஆறு கட்டு, இரண்டு குச்சி. முப்பத்திரண்டு. எண்ணி முடித்துவிட்டு முட்டையைத் திரும்ப வைத்தாள்.

"குளிருன்னு சொன்னீங்களே. குளிரு பென்சிலோட வந்துச்சா?"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். தெர்மாமீட்டர், சாக்கு, கங்கு சட்டி, கம்பவுண்டர், அந்த அம்மா வேண்டாம் என்று சொன்னது, நான் சரி என்று சொன்னது. அவள் குஞ்சை முந்தானையிலேயே வைத்துக்கொண்டு உலைக்கு அரிசி களைந்தாள். முடித்தபோது ஒன்றே ஒன்று சொன்னாள். "கால் காஞ்சிருக்குன்னு பத்து லெட்டர் எழுதுனீங்க."

"ஒன்பது" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சலித்துப்போனவள் பார்க்கிற பார்வை அது. பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குஞ்சு சேவலா பெட்டையா என்பதில் எல்லாம் நின்றது. சேவல் என்றால் அந்த இரண்டு பெட்டைகளோடு சேர்த்து இனத்தை இழுத்துப்போகலாம். ஆனால் கொண்டை சிவப்பதற்கு இரண்டு மாதம் ஆகும். அதுவரை யாராலும் சொல்ல முடியாது. அவள் அதை உலர்ந்த மண்ணிலேயே வளர்த்தாள். கால் இறகு விரல்வரை இறங்கியது. என்னை அதன் பக்கம் விடவில்லை என்று சொல்ல மாட்டேன், நானே போகவில்லை. தூரத்தில் நின்று அதன் தலையைப் பார்ப்பேன். ஒரு நாள் கொண்டை கொஞ்சம் தடித்த மாதிரி தெரியும். மறுநாள் இல்லை என்று தோன்றும். மாசி போயிற்று. பங்குனியில் வெயில் ஏறியது, மேட்டு வீட்டுக்காரம்மாவின் அதே வயதுக் குஞ்சுகளில் நாலைந்துக்குக் கொண்டை ரத்தமாய்ச் சிவந்து, தொண்டை திறந்து கூவிப் பழகின. எங்களுடையது வெளிறிய சின்னக் கொண்டையோடு புழுதியில் குளித்துக்கொண்டிருந்தது.

ஒரு காலை அவள் வேலிப் படலைத் திறந்து, மூன்றையும் வெளியே விட்டாள். ஊர்ச் சேவல் ஒன்று இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது. அவள் விரட்டவில்லை. நான் பள்ளிக்குப் போகப் புறப்பட்டவன், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு பொரித்த குஞ்சுகளுக்குக் காலின் வெளிப்பக்கம் மட்டும் நாலு இறகு, ஐந்து இறகு என்று அங்கங்கே இருந்தது. ஜோடு என்று சொல்ல முடியாது.

அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். வழக்கம்போல இரண்டு பக்கம். என் பெயர் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று நான் படித்துப் பார்க்கவில்லை. இளைய பெட்டை உதிர்த்த கால் இறகு ஒன்றைத் தேடி எடுத்துவந்து மேசையில் வைத்தாள். கடிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். கடைசி வரியில் எண் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"எத்தனன்னு நீங்க எழுதுங்க."

பேனாவை வாங்கினேன். மூன்று என்று எழுதினேன். அவள் மை காயும்வரை ஊதிவிட்டு, இறகை உள்ளே வைத்து மடித்து ஒட்டினாள்.